ஏறிக்கிடக்கும் ஏல விலையில் பழைய ரைஃபிள் வாங்குவது எப்படி

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க்கால ரைஃபிளோ, பழைய வின்செஸ்டரோ வாங்க ஆசைப்பட்டு ஆன்லைன் ஏலப் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் வருவது குழப்பம்தான். ஒரே மாடல், ஒரே வருடம், படத்தில் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு துப்பாக்கிகள். ஒன்று 900 டாலருக்கு முடிந்திருக்கும், இன்னொன்றை 2,400 டாலருக்கு மேலும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த 2,400 சில சமயம் முழுக்க நியாயமான விலை. பல சமயம் இல்லை. எது எந்தப் பக்கம் என்று பணம் கட்டுவதற்கு முன்பே பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

விற்கிறவர்களின் பேராசைதான் விலையை ஏற்றிவிட்டது என்று நிறையப் பேர் திட்டுகிறார்கள். என் கணிப்பு வேறு. விற்கிறவர் என்ன விலை வேண்டுமானாலும் போடலாம், ஏலத்தில் அதை மேலே கொண்டுபோவது வாங்குகிறவர்கள். சரிபார்க்காத வார்த்தைகளுக்கு, அதாவது "ஒரிஜினல்", "எல்லா நம்பரும் மேட்சிங்", "தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது" போன்றவற்றுக்கு, அவர்கள் நூற்றுக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள். வார்த்தையைத் தள்ளிவைத்துவிட்டு இரும்பையும் மரத்தையும் மட்டும் பார்க்கப் பழகினால் ஊதிய விலையில் பாதி தானாகவே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

விலை ஏன் ஏறியது, அதில் எவ்வளவு நிஜம்

எல்லா ஏற்றமும் பொய் இல்லை, இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ரஷ்ய மோசின்-நாகன் ரைஃபிள் 2000களில் நூறு டாலருக்குள் கிடைத்தது, கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மூன்று கோடிக்கு மேல் செய்யப்பட்ட துப்பாக்கி அது, உலகத்தில் இன்னும் ஏராளமாக இருக்கிறது, ஆனால் அமெரிக்காவுக்குள் வருகிற வழி அடைத்துக்கொண்டது. இப்போது அதே துப்பாக்கிக்குப் பல மடங்கு கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். சீனாவின் எஸ்.கே.எஸ் ரைஃபிள் கதையும் அப்படித்தான்: 1990களின் தொடக்கத்தில் மலிவுச் சரக்காக வந்து குவிந்தது, 1994-ல் சீனத் துப்பாக்கி இறக்குமதி நின்றதும் அந்தக் குழாய் மூடியது. வரத்து நின்றுபோன பொருளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் 2020. துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ-யின் நிக்ஸ் அமைப்பில் அந்த ஒரே வருடத்தில் சுமார் 3.97 கோடி விண்ணப்பங்கள் பதிவாயின, அதுவரை இல்லாத அளவு. புதுத் துப்பாக்கிக் கடைகளில் அலமாரி காலியானபோது பழையவற்றின் பக்கமும் கூட்டம் வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் ராத்திரி முழுக்க ஏலப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் பதிவான உச்ச விலைகளை இன்றைக்கும் சில விற்பனையாளர்கள் "சந்தை விலை" என்று எடுத்துக்காட்டுகிறார்கள். அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கேட்கிற விலையும் முடிந்த விலையும்

ஏலப் பக்கத்தில் கண்ணில் படுகிற விலைகளில் பெரும்பகுதி விற்கிறவர் கேட்கிற விலை. 3,500 டாலர் என்று போட்டு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பட்டியலிடப்படும் துப்பாக்கி ஒன்று உண்மையில் நமக்குச் சொல்வது, அந்த விலைக்கு அதை வாங்க ஆள் இல்லை என்பதைத்தான். ஆனால் புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் 2,600-க்கு இருப்பதை மலிவு என்று நினைத்து எடுத்துவிடுகிறார். கேட்கிற விலைகளை ஒட்டுமொத்தமாக மறந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது முடிந்த ஏலங்கள். 1999-ல் தொடங்கிய கன்புரோக்கர் போன்ற பெரிய தளங்களில் கணக்கு வைத்து உள்ளே போனால் முடிந்த ஏலங்களைத் தனியாகத் தேடலாம், ஏல நிறுவனங்கள் பழைய விற்பனைகளின் முடிவுகளைத் தங்கள் தளங்களிலேயே வைத்திருக்கும். நீங்கள் வாங்க நினைக்கிற மாடலில் கிடைக்கிற அத்தனை முடிவுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். வெறும் விலை போதாது. யார் தயாரிப்பு, சீரியல் நம்பர் எந்த வரிசை, கட்டை (துப்பாக்கியின் மரப் பாகம்) ஒரிஜினலா, பேரலில் இறக்குமதி முத்திரை இருக்கிறதா, ரிசர்வ் (விற்கிறவர் வைத்த குறைந்தபட்ச விலை) எட்டியதா, எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள், எல்லாம் வேண்டும். ஏலத்தில் யாருமே எடுக்காமல் போனவற்றையும் எழுதுங்கள், ஏனென்றால் மேல் எல்லை எங்கே இருக்கிறது என்பதை அவைதான் காட்டும்.

எழுதி முடித்ததும் மேலே தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு விலைகளைத் தள்ளிவையுங்கள். இரண்டு பேர் ஒரே ராத்திரி ஒரே துப்பாக்கிமேல் பிடிவாதம் பிடித்தால் விலை எங்கேயோ போய் நிற்கும். ஏலம் கேட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரியும்: ஏழெட்டுப் பேர் 1,300 வரை வந்து நின்றிருப்பார்கள், அதற்கு மேல் 2,200 வரை இரண்டே பேர் மாறி மாறிக் கேட்டிருப்பார்கள். அந்தத் துப்பாக்கியைப் பற்றி மற்ற அத்தனை பேரும் நினைத்த விலை 1,300. அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொன்று வரும்போது அந்த இருவரில் ஒருவர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருப்பார், சண்டை நடக்காது.

முடிந்த விலை என்று காட்டுவதும் சில சமயம் முடிந்த விலை இல்லை. ஜெயித்தவர் பணமே கட்டியிருக்க மாட்டார். படத்தில் சீரியல் நம்பர் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அதே நம்பர் சில வாரத்தில் மறுபடி ஏலத்துக்கு வந்தால் முந்தைய விலையை அடித்துவிடலாம். இன்னொன்று, விற்கிறவரின் ஆளே உள்ளே புகுந்து விலையை ஏற்றிவிடுவது. தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, ஆனாலும் நடக்கிறது. ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்து, விலையைத் தள்ளிவிட்டு, ஒருபோதும் ஜெயிக்காமல் போகிற, வரலாறே இல்லாத புதுக் கணக்கு ஒன்றைப் பார்த்தால் அந்த விற்பனையாளரை விட்டு விலகுங்கள். வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம், துப்பாக்கி வேறு இடத்தில் கிடைக்கும்.

ஏலத்தின் கடைசி நிமிடங்களைப் பற்றி ஒரு விஷயம். கன்புரோக்கரில் கடைசி 15 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் நீண்டுவிடும், 15 நிமிடம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் முடியும். கடைசி நொடியில் பாய்ந்து அடிக்கிற தந்திரம் அங்கே செல்லாது. நேர்மையாகச் சொன்னால் இந்த விதி கோபக்காரர்களின் பையைக் காலி செய்கிற விதி, யோசிக்கவும் நேரம் தருகிறது, சூடேறவும் நேரம் தருகிறது. உங்கள் அதிகபட்ச விலையை ஒரே தடவை உள்ளே போட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். தளம் உங்களுக்காகத் தேவையான அளவுதான் ஏற்றும், முழுவதையும் உடனே வெளியே காட்டாது.

துப்பாக்கியைப் படிப்பது

இங்கேதான் உண்மையான பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அமெரிக்க ராணுவத்தின் இரண்டாம் உலகப் போர்க்கால ரைஃபிளான எம்1 கேரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 54 லட்சம் செய்யப்பட்ட துப்பாக்கி, போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியும் வின்செஸ்டரும், 1950களில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் செய்தன. இதில் சீரியல் நம்பர் ரிசீவரில் (பேரலும் போல்ட்டும் பொருந்துகிற நடு உடல்) மட்டும்தான் இருக்கும், மற்றப் பாகங்களில் இருப்பது அந்தப் பாகத்தின் வடிவமைப்பைக் குறிக்கும் வரைபட எண்கள். ஆகவே "எல்லா நம்பரும் மேட்சிங் கேரண்ட்" என்று யாராவது எழுதியிருந்தால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். போருக்குப் பிறகு இவற்றில் பெரும்பாலானவை ராணுவப் பட்டறைகளில் பிரித்து, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டப்பட்டவை. ஆலையிலிருந்து வந்தபடியே தொடாமல் இருப்பது அபூர்வம். "கரெக்ட்" என்று விற்கப்படுபவை அந்தக் காலத்துக்குப் பொருத்தமான பாகங்களைத் தேடி வாங்கி யாரோ சேர்த்தவை. அப்படிச் சேர்ப்பது தப்பில்லை, அழகான வேலையும்கூட. ஆனால் அதைத் தொடாத துப்பாக்கியின் விலைக்கு விற்பது தப்பு. போல்ட்டை இயக்கும் கம்பியான ஆப்பரேட்டிங் ராடைப் பின்னால் இழுத்தால் ஸ்பிரிங்ஃபீல்ட் பேரலில் மாதமும் வருடமும் தெரியும், அது ரிசீவரின் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்பது முதல் கேள்வி. ரிசீவர் 1942, பேரல் 1953 என்றால் மறுகட்டுமானம், அவ்வளவுதான், அதற்கு உரிய விலை கொடுத்து வாங்குங்கள். கட்டையில் இருக்கிற ஆய்வாளர் முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள், அந்த முத்திரைகளுக்கான போலி அச்சுகள் விற்பனையிலேயே கிடைக்கின்றன. ஆரம்பகாலத்தில் செய்த சுமார் 50,000 கேரண்டுகளில் இருந்த, பேரல் வாயில் வெடிவாயுவைப் பிடித்துத் துப்பாக்கியை இயக்குகிற கேஸ் டிராப் அமைப்பு பின்னால் மாற்றப்பட்டுவிட்டது, மாறாமல் பிழைத்தவை மிகச் சில, அதனாலேயே போலியும் அதிகம். அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு நிபுணர் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு டாலரும் கொடுக்கக் கூடாது.

கேரண்ட் ஏலத்துக்குப் போவதற்கு முன்னால் சி.எம்.பி-யைப் பாருங்கள். 1903-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் தொடர்ச்சியாக, 1996-ல் தனி அமைப்பாக ஆன சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் அது. ராணுவத்திடமிருந்து வந்த கேரண்டுகளைத் தரம் பிரித்து, விலை போட்டு, தகுதி உள்ளவர்களுக்கு விற்கிறது, அலபாமாவின் ஆனிஸ்டனில் கடையும் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை, இணைந்த சங்கம் ஒன்றில் உறுப்பினர் அட்டை, சுடும் பயிற்சிக்கான சான்று, இப்படிச் சில நிபந்தனைகள் உண்டு. கேரண்ட் கலெக்டர்ஸ் அசோசியேஷனில் சேர்ந்தாலே சங்க நிபந்தனை தீர்ந்துவிடும். தாள் வேலை கொஞ்சம் சலிப்புத்தான். ஆனால் ஏலத்தில் சாதாரண கேரண்டுக்கு ஆட்கள் கொடுப்பதையும் அங்கே போட்டிருக்கிற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சலிப்பு போய்விடும். அங்கே வாங்கி, சான்றிதழோடு சேர்த்து, மறுவாரமே ஏலத்தில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற தாள் வேலைக்கு நீங்கள் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

ஜெர்மன் கே98கே விஷயமே வேறு. இதில் நம்பர்கள் நிஜமாகவே முக்கியம். ரிசீவர், பேரல், போல்ட், போல்ட்டின் சின்னப் பாகங்கள், அடித்தட்டு, பட்டைகள் என்று எல்லாவற்றிலும் நம்பர் இருக்கும், எல்லாம் ஒத்துப்போனால் விலை பல மடங்கு. சோவியத் ராணுவம் கைப்பற்றியவை பின்னால் பெரிய அளவில் அமெரிக்காவுக்கு வந்தன. அவற்றில் ரிசீவர்மேல் எக்ஸ் குறி இருக்கும், போல்ட்டில் மின்பேனாவால் கிறுக்கினதுபோல் புது நம்பர் எழுதியிருக்கும், கட்டையில் அரக்குப் பூச்சு பளபளக்கும். "மேட்சிங்" என்று எழுதினாலும் அது பிற்பாடு பொருத்திய மேட்சிங். வரலாற்றில் இந்தத் துப்பாக்கிகளுக்கும் தங்கள் இடம் உண்டு, நான் விரும்பிப் பார்க்கிற வகை, ஆனால் சிப்பாய் பையில் போட்டுக் கொண்டுவந்த துப்பாக்கியின் விலை அவற்றுக்குக் கிடையாது. எக்ஸ் குறியைத் தேய்த்து அழித்து, நம்பர்களைச் சுரண்டிப் புதிதாக அடித்து விற்பதும் நடக்கிறது. தேய்த்த இடத்தில் இரும்பு லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும், சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தெரியும்.

சிப்பாய் கொண்டுவந்தது என்ற கதைக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. 1968 துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு வணிகமாக இறக்குமதி ஆனவற்றில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரும் ஊரும் பதித்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் பேரலின் வாய்ப்பக்கத்திலோ ரிசீவரின் ஓரத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். 1945-ல் ஒரு சிப்பாய் தோளில் மாட்டிக்கொண்டு கப்பல் ஏறிய துப்பாக்கியில் அந்த முத்திரை எப்படி வரும்? முத்திரை இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதிகாரி கையெழுத்திட்ட பழைய அனுமதித் தாள் இருக்கிறது என்றால், அதில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் இல்லாத தாளை எந்தத் துப்பாக்கியோடும் சேர்த்து வைக்கலாம்.

ஜப்பானின் அரிசாகாவில் பார்க்க வேண்டியது ரிசீவர்மேல் இருக்கிற செவ்வந்திப் பூ முத்திரை. சரணடைந்தபோது பெரும்பாலானவற்றில் அதை அரைத்து அழித்தே கொடுத்தார்கள், அழியாமல் இருந்தால் விலை கூடும். அதனால்தான் அழிந்த இடத்தில் மறுபடி வெட்டிய பூக்களும் சுற்றுகின்றன.

ஸ்நைப்பர் என்ற ஒற்றை வார்த்தைக்குத்தான் மிக அதிகப் பணம் வீணாகிறது. அமெரிக்க ராணுவத்துக்கு ரெமிங்டன் செய்த எம்1903ஏ4 ஸ்நைப்பர் ரைஃபிள் சுமார் 28,000 மட்டுமே, அதன் சாதாரண வடிவமான 03ஏ3 லட்சக்கணக்கில் இருக்கிறது. சாதாரணமானதில் நாலு ஓட்டை போட்டு, டெலஸ்கோப் பூட்டி, மூன்று மடங்கு விலை கேட்பது பழைய வேலை. நிஜ ஏ4-ல் ரிசீவர் எழுத்துகள் டெலஸ்கோப் அடித்தட்டால் மறையாதபடி இரண்டு பக்கத்துக்கும் தள்ளிப் பதிக்கப்பட்டிருக்கும். போலியில் எழுத்து நடுவில், தட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலிருந்து ஒரு படம் கேட்டால் போதும். பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 (டி) என்றால் டெலஸ்கோப்பின் நம்பர் கட்டையின் மணிக்கட்டுப் பகுதியில் (கை பிடிக்கிற ஒடுங்கிய இடம்) அடித்திருக்கும், ரைஃபிளின் நம்பர் டெலஸ்கோப் தாங்கியில் இருக்கும், கட்டையில் இருப்பது டெலஸ்கோப்போடும் தாங்கியில் இருப்பது ரைஃபிளோடும் ஒத்துப்போனால் மட்டும்தான் அந்தப் பெரிய விலை.

1903 ஸ்பிரிங்ஃபீல்டில் விலையோடு உயிரும் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி செய்தவற்றில் சீரியல் நம்பர் 8,00,000-க்குக் கீழேயும், ராக் ஐலண்ட் ஆர்செனல் செய்தவற்றில் 2,85,507-க்குக் கீழேயும் உள்ள ரிசீவர்களில் சூட்டுப் பதம் சரியாக வராமல் உடையக்கூடியவை உண்டு. சுவரில் மாட்டி வைக்கலாம், சுடக் கூடாது. பட்டியலில் இதைச் சொல்லாமல் "சுடத் தயார்" என்று எழுதுகிறவர்களிடம் எந்தத் துப்பாக்கியும் வாங்காதீர்கள்.

வின்செஸ்டர் பக்கம் வந்தால், 1964-க்கு முந்தையது என்ற ஒரு சொல்லே விலையை ஏற்றும், அதற்கு நியாயமும் உண்டு: அந்த வருடம் மாடல் 70, மாடல் 94 இரண்டிலும் செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றினார்கள், பழையவற்றின் வேலைப்பாடு உயர்ந்தது. ஆனால் அந்தச் சொல் முழுத் துப்பாக்கிக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ரிசீவரில் பிற்பாடு போட்ட ஓட்டைகள், அறுத்துவிட்டு ரப்பர் திண்டு வைத்த கட்டை, மறுபடி ப்ளூயிங் என்ற நீலக்கருப்புப் பூச்சு ஏற்றிய இரும்பு, ஒவ்வொன்றும் சேகரிப்பாளர் விலையைச் சரசரவென்று இறக்கும். மறு-ப்ளூயிங் செய்ததை எழுத்துகளின் ஓரத்தில் பிடிக்கலாம். தேய்த்துப் பளபளப்பாக்கும்போது எழுத்து மங்கும், கூரான விளிம்பு உருண்டுவிடும், ஸ்க்ரூ ஓட்டையின் வாய் கிண்ணம்போல் குழியும். நூறு வயதுத் துப்பாக்கி புதுசுபோல் மின்னினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள்.

பழைய வின்செஸ்டர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் உள்ள கோடி ஃபயர்ஆர்ம்ஸ் மியூசியத்தில் ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன, குறிப்பிட்ட சீரியல் வரிசைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தருவார்கள். அந்தத் துப்பாக்கி எந்த அளவு பேரலோடு, என்ன மாதிரிக் கட்டையோடு, எந்தத் தேதியில் ஆலையை விட்டுப் போனது என்று அதில் இருக்கும். சிறப்பு ஆர்டர் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்களா, கடிதம் எங்கே என்று கேளுங்கள். ஆவணம் எவ்வளவு தூரம் விலையைத் தூக்கும் என்பதற்கு ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தின் 2016 ஏலம் சாட்சி. அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவைச் சரணடையச் செய்த படையில் இருந்த கேப்டன் ஹென்றி லாட்டனுக்குப் பரிசாகக் கொடுத்த, சீரியல் நம்பர் 1 கொண்ட மாடல் 1886 வின்செஸ்டர், 12,65,000 டாலருக்குப் போனது. அது ஊதிய விலை இல்லை, அந்த வரலாறு சங்கிலி அறுபடாமல் தாளில் இருந்தது.

நேர்எதிர்ப்பக்கம் வின்செஸ்டரின் நினைவுப் பதிப்புகள். 1966-ன் சென்டெனியல், 1968-ன் பஃபலோ பில் இரண்டும் தலா ஒரு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டவை, வாங்கினவர்கள் எல்லோரும் பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். அபூர்வம் என்று எழுதி விற்கப்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசைக்கு வாங்கலாம், முதலீடு என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

படங்களும் கேள்விகளும்

பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறவர் கிடையாது, ஆனால் மங்கலான மூன்று படத்தை நம்பி 2,000 டாலர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சீரியல் நம்பர், பேரல் எழுத்துகள், வாய்ப்பகுதியின் அடிப்பக்கம், போல்ட் நம்பர், கட்டை முத்திரைகள், கட்டையில் வெடிப்பு வருகிற டாங்கின் (ரிசீவரின் வால்பகுதி) பின்புறம், பேரலின் உள்பக்கம் வெளிச்சத்தில். இவை எல்லாம் பட்டியலில் இல்லை என்றால் மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல விற்பனையாளர் கேட்டதும் அனுப்புவார், சிலர் கேட்காததையும் சேர்த்து அனுப்புவார்கள்.

கேள்விகளைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள், போனில் வேண்டாம், பதில் எழுத்தில் இருக்க வேண்டும். மறுபடி ப்ளூயிங் செய்ததா, கட்டை மாற்றியதா, பேரல் மாற்றியதா, இறக்குமதி முத்திரை உண்டா, திருப்பி அனுப்ப எத்தனை நாள். "எனக்குத் துப்பாக்கி பற்றி அதிகம் தெரியாது, நண்பருக்காக விற்கிறேன்" என்ற பதில் நிறைய வரும். உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் விலை போடும்போது பதில் வராத ஒவ்வொரு கேள்விக்கும் மோசமான பதிலே வந்ததாக வைத்துக் கணக்குப் போடுங்கள். பேரல் உள்பக்கம் காட்ட மறுத்தால் அது துருப்பிடித்த பேரல், அந்த விலைதான்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுவது

சுத்தியல் விழுந்த விலையோடு செலவு முடிவதில்லை. ஏல நிறுவனங்களில் வாங்குகிறவர் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு, 15 முதல் 25 சதவீதம் வரை சாதாரணம். அட்டையில் கட்டினால் சில இடங்களில் 3 சதவீதம் கூட. விற்பனை வரி, பார்சல் செலவு, உங்கள் ஊரில் துப்பாக்கியைப் பெற்று உங்கள் பெயருக்கு மாற்றித் தரும் உரிமம் பெற்ற வியாபாரியின் கட்டணம், எல்லாம் இருக்கிறது.

உதாரணமாக, உங்கள் தாளில் எழுதிய முடிவுகளைப் பார்த்து இந்தத் துப்பாக்கிக்கு மொத்தமாக 1,500 டாலருக்கு மேல் தகாது என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் 60, வியாபாரி 40 போனால் மிச்சம் 1,400. வாங்குகிறவர் கட்டணம் 20 சதவீதம், அதையும் சேர்த்த தொகைமேல் வரி 7 சதவீதம் என்றால் 1,400-ஐ 1.284-ஆல் வகுக்க வேண்டும். வருவது 1,090. நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்சம் 1,090 டாலர், 1,500 இல்லை. இந்த 400 டாலர் வித்தியாசத்தை முன்கூட்டியே கழிக்காததால்தான் பலர் ஜெயித்த மறுநாள் பில்லைப் பார்த்து அதிர்கிறார்கள். முடிந்த விலைகளை ஒப்பிடும்போதும் இதைக் கவனியுங்கள், சில இடங்களில் காட்டும் விலையில் கட்டணம் சேர்ந்திருக்கும், சில இடங்களில் சேர்ந்திருக்காது.

சட்டம் விலையை எங்கே தொடுகிறது

கூட்டரசுச் சட்டப்படி வேறு மாநிலத்திலிருந்து வாங்குகிற துப்பாக்கி உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் வர வேண்டும். அங்கே போய் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து எடுத்துக்கொள்வீர்கள். சேகரிப்பாளர்களுக்குக் கூட்டரசுத் துப்பாக்கித் துறையான ஏ.டி.எஃப் தருகிற டைப் 03 உரிமம் ஒன்று உண்டு, மூன்று வருடத்துக்கு 30 டாலர். 50 வருடத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத பழந்துப்பாக்கிகளை அதை வைத்து நேரடியாகப் பெறலாம், வாங்கியது விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வியாபாரம் செய்ய அது உதவாது. சில மாநிலங்கள் கூடுதல் நிபந்தனை வைத்திருக்கின்றன, உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

1898-ம் அதற்கு முன்னும் செய்தவை கூட்டரசுச் சட்டத்தில் பழம்பொருள், வியாபாரி வழியாக வர வேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே அவற்றுக்குத் தனி விலை ஏறியிருக்கிறது. ஃபின்லாந்தின் எம்39 ரைஃபிள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டியதாக இருந்தாலும், ரிசீவர் 1890களில் செய்தது என்றால் பழம்பொருள் கணக்கில் வரும், ஒரே மாதிரி இரண்டு எம்39-களின் விலை வித்தியாசம் டாங்கின் அடியில் இருக்கிற அந்தத் தேதியால்தான். அப்படியென்றால் தேதியின் படம் இல்லாமல் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கக் கூடாது. உங்களிடம் டைப் 03 உரிமம் இருந்தால் அந்த வசதியால் கிடைப்பது சொற்பம், சாதாரண எம்39-ஐயே எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கி வந்த பிறகு

பல விற்பனையாளர்கள் மூன்று நாள் பார்வைக் காலம் தருகிறார்கள், சுட்டுவிட்டால் அது செல்லாது என்றும் எழுதியிருப்பார்கள். வியாபாரி வழியாக வருகிறது என்றால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் மேசைமேல் வைத்தே பாருங்கள், உங்கள் பெயருக்கு மாறிய பிறகு திருப்பி அனுப்புவது இன்னொரு வேலை, இன்னொரு கட்டணம். சின்ன டார்ச் ஒன்றும், பட்டியலில் இருந்த படங்களின் அச்சும் கையில் இருக்கட்டும். சீரியல் நம்பர் அதேதானா, போல்ட் அதேதானா, படத்தில் வராத பக்கத்தில் என்ன இருக்கிறது, பேரல் உள்ளே எப்படி. அனுமதி கேட்டு, கட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டால் நல்லது, பழைய வெடிப்பை ஒட்டிய பசை அங்கேதான் மறைந்திருக்கும். எழுத்தில் சொன்னதற்கும் கையில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் அங்கேயே படம் எடுத்து, அன்றைக்கே விற்பனையாளருக்குத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதி அனுப்பிவிட்டு, படிவத்தை நிரப்பாமல் துப்பாக்கியை வியாபாரியிடமே விட்டுவிட்டு வாருங்கள்.